870 செம்மறியாடுகளும் 28 நாள் சீட்டும்

1891-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மரே என்ற இளம் மருத்துவர், அப்போதுதான் அறுத்த செம்மறியாட்டின் கழுத்திலிருந்து தைராய்டுச் சுரப்பியை எடுத்து, கிளிசரினில் ஊறவைத்து, துணியில் இட்டுப் பிழிந்தார். அந்தச் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவரின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றினார். முகம் வீங்கி, தோல் காய்ந்து, பேச்சு இழுபட்டு, எந்நேரமும் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் சில மாதங்களில் எழுந்து நடமாடத் தொடங்கினார். அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1919-இல் தம் 74-ஆம் வயதில் அவர் இறந்ததும் மரே ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார். அத்தனை ஆண்டுகளில் அவர் உடம்பில் சேர்ந்த சாறு ஒன்பது பைண்டுக்கு மேல், அதாவது ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்குச் செலவான செம்மறியாடுகள் 870-க்கும் அதிகம்.

மருத்துவத்துக்கு அவர் புதுவகை நோயாளி. அதுவரை பெரும்பாலும் மருந்து என்றால் காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு; நோய் போனால் மருந்தும் போகும். இவருக்கோ நோய் போகவே போகாது. மருந்து இருக்கும்வரை நலமாக இருப்பார், நின்றால் பழைய நிலைக்குத் திரும்புவார். ஆகவே மருந்து தீர்வதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும், ஒவ்வொரு முறையும், சாகும்வரை.

இன்று பிரிட்டனில் கோடிக்கணக்கானோர் அந்தப் பெண்ணின் நிலையில்தான் இருக்கிறார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஆஸ்துமா, தைராய்டு என்று காரணங்கள் வேறு; தேவை ஒன்றுதான். ஜி.பி. என்று அழைக்கப்படும் குடும்ப மருத்துவரின் நிலையத்தில் இவர்களுக்கென ஒரு ‘ரிப்பீட்’ பட்டியல் இருக்கும். மருத்துவரைப் பார்க்காமலேயே, பட்டியலில் உள்ள மருந்தை மறுபடி கேட்டு வாங்கலாம். இங்கிலாந்தில் மட்டும் மருந்துக்கடைகள் வழியாக ஆண்டுக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட மருந்து உருப்படிகள் வழங்கப்படுகின்றன. அவற்றில் சுமார் நாலில் மூன்று பங்கு இப்படி மறுபடி மறுபடி கேட்டு வாங்குபவை.

வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் குமாஸ்தா வேலை. கைப்பேசியில் தேசிய சுகாதாரச் சேவையின் செயலியைத் திறந்து, மருந்தின் பெயருக்கு எதிரே குறியிட்டு அனுப்ப வேண்டும். அல்லது பழைய முறைப்படி, பச்சை நிற மருந்துச் சீட்டின் வலது பாதியில் அச்சாகி வரும் பட்டியலைக் கிழித்து, வேண்டியதைக் குறித்து, நிலையத்தின் பெட்டியில் போட வேண்டும். இரண்டு வேலை நாள் கழித்து மருந்துக்கடைக்குப் போனால் பை தயாராக இருக்கும். முன்பு அந்தப் பச்சைத் தாளைக் கையோடு கொண்டுபோக வேண்டியிருந்தது. 2005-இல் தொடங்கிய மின்சீட்டு முறையில் இப்போது மருத்துவர் தம் அடையாள அட்டையைக் கணினியில் செருகிக் கையொப்பமிட்டால், நோயாளி தேர்ந்தெடுத்த கடைக்குச் சீட்டு தானே போய்ச் சேர்கிறது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஒன்று உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, இங்கிலாந்தின் பாதிக்கு மேற்பட்ட ஜி.பி. நிலையங்கள் நம்பியிருந்த பதிவேட்டு மென்பொருளும் படுத்தது. மருத்துவர்கள் மறுபடி தாளையும் பேனாவையும் எடுத்தார்கள்.

இரண்டு வேலை நாள் எதற்கு, பட்டனைத் தட்டினால் போதாதா என்று அங்கே சலித்துக்கொள்ளாதவர் இல்லை. அந்த இரண்டு நாளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சலிப்பு கொஞ்சம் குறையும்.

கோரிக்கை வந்ததும் திரையில் முதலில் தெரிவது, இந்த மருந்து கடைசியாக எப்போது கொடுக்கப்பட்டது என்ற தேதி. இன்னும் பத்து நாள் மாத்திரை கையில் இருக்க வேண்டியவர் இப்போதே ஏன் கேட்கிறார்? ஒருவேளை ஊருக்குப் போகிறார். ஒருவேளை இரண்டு மாத்திரையாகப் போட்டுக்கொள்கிறார். மாறாக, இரண்டு மாதமாகக் கேட்காதவர் இன்று கேட்டால், நடுவே மருந்து சாப்பிடவில்லை என்று பொருள். அடுத்து, ஆய்வகச் சோதனைகள். மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டுவாத மருந்து வாரம் ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டியது. தினம் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. முறையாகச் சாப்பிட்டாலும் எலும்பு மஜ்ஜையையும் கல்லீரலையும் அது தொடக்கூடும் என்பதால், நிலைப்பட்ட நோயாளிக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும். மனநோய்க்குத் தரும் லித்தியத்துக்கும் அப்படி ஒரு கால அட்டவணை உண்டு. சோதனை தவறியிருந்தால் சீட்டு நிற்கும். ‘முதலில் இரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள்’ என்று செய்தி வரும். பெரும்பாலான நிலையங்கள் தொலைபேசியில் மருந்துக் கோரிக்கை ஏற்பதில்லை. இதற்கும் வலுவான காரணம் உண்டு: காதில் விழும் மருந்துப் பெயர்கள் குழம்பிவிடும். அட்டெனலால், அம்லோடிபின் என்ற இரண்டு இரத்த அழுத்த மருந்துகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்துவிடும் ஆபத்தை, பெயர்க் குழப்பம் பற்றிய 2018-ஆம் ஆண்டு எச்சரிக்கையில் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே குறிப்பிட்டிருக்கிறது.

இந்தக் காவல் முழுமையானது என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் ஜி.பி. நிலையங்களில் எழுதப்பட்ட ஆறாயிரத்துச் சொச்சம் மருந்து உருப்படிகளைப் பிரித்து ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, இருபதில் ஒன்றில் ஏதோவொரு பிழையையும் 550-இல் ஒன்றில் கடுமையான பிழையையும் கண்டது. ஒரு மருத்துவர் நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலையில் நூற்றுக்கணக்கில் கையொப்பமிடும்போது கணினி எழுப்பும் எச்சரிக்கைகள் கண்ணுக்குப் பழகிப்போகின்றன. இப்போது பல நிலையங்களில் இதற்கென்றே மருந்தாளுநர் ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

மருந்து கேட்கும் வேகமே நோயைச் சொல்லிவிடும் என்பதற்கு ஆஸ்துமாவைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆஸ்துமாவுக்கு முக்கியமாக இரண்டு வகை இன்ஹேலர்கள். மூச்சு முட்டும்போது உடனே குழாயைத் திறந்துவிடுவது நீலநிற சால்புட்டமால். மூச்சுக்குழாயின் அழற்சியையே தணித்து, முட்டல் வராமல் பார்த்துக்கொள்வது ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலர். நீலம் இழுத்த நிமிடத்தில் சுகம் தெரியும். தடுப்பு இன்ஹேலரோ வாரக்கணக்கில் சத்தமில்லாமல் வேலை செய்வது. நின்றாலும் உடனே தெரியாது. ஆகவே மனிதர்கள் நீலத்தை மறுபடி மறுபடி கேட்பார்கள், மற்றதை மறந்துவிடுவார்கள். பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்தவர்களின் பதிவேடுகளைத் தோண்டிப் பார்த்து 2014-இல் ஓர் அறிக்கை வந்தது. எத்தனை நீல இன்ஹேலர் வாங்கினார்கள் என்ற கணக்கு 165 பேருக்குக் கிடைத்தது. அவர்களில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆறு பேருக்கு ஐம்பதுக்கும் மேல்! தடுப்பு இன்ஹேலர் கணக்குத் தெரிந்த 128 பேரில் 49 பேர் ஆண்டுக்கு நான்குகூட வாங்கவில்லை. நோயாளி வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் கூவிக்கொண்டிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லாமல், சீட்டு மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

இது நிலையத்தின் பக்கம். நோயாளியின் உடம்புக்குள் வேறொரு கணக்கு ஓடுகிறது. மருந்து இரண்டு நாள் தாமதமானால் என்ன ஆகும்? எந்த மருந்து என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

அடியில் சிறு ஓட்டை உள்ள குடத்தில் தினம் ஒரு செம்பு நீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் ஏற ஏற ஓட்டை வழியே ஒழுகுவதும் கூடும். ஊற்றுவதும் ஒழுகுவதும் சமமாகும் உயரத்தில் மட்டம் நிற்கும். மருந்தும் அப்படியே உடம்பில் நிலைகொள்கிறது. ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை மருந்தியலாளர்கள் அரை ஆயுள் என்ற அளவால் சொல்வார்கள்: உள்ளே இருப்பதில் பாதி வெளியேற ஆகும் நேரம்.

மரேயின் நோயாளிக்குக் குறைவாக இருந்த தைராய்டு ஹார்மோனுக்கு அரை ஆயுள் சுமார் ஏழு நாள். இன்று அதே ஹார்மோனைத் தொழிற்சாலையில் செய்து லெவோதைராக்சின் மாத்திரையாகத் தருகிறார்கள். தினம் மாத்திரை போடுபவரின் உடம்பில் எந்நேரமும் ஏறத்தாழ பத்து நாள் பங்கு சேமிப்பாக இருக்கும். இரண்டு நாள் விட்டுப்போனால் ஐந்தில் ஒரு பங்குகூடக் குறையாது. மரே ஊசி போட்ட மறு ஆண்டே, 1892-இல், சாற்றைக் குத்தத் தேவையில்லை, சுரப்பியைத் தின்றாலே போதும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிளிமத் நகரின் எட்வர்ட் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் சொன்ன முறை சமையல் குறிப்பு போலவே இருக்கும்: செம்மறியாட்டுத் தைராய்டில் பாதியை லேசாக வறுத்து, பழ ஜெல்லியுடன், வாரம் ஒருமுறை. அரை ஆயுள் பற்றியெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? ஆனாலும் வாரம் ஒருமுறை என்று அவர் வைத்த இடைவெளி அந்த ஹார்மோனின் இயல்புக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இதற்கு நேர் எதிர் அபிக்சபான். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போனவர்களுக்கு இரத்தம் உறைந்து பக்கவாதம் வராமலிருக்க, நாளுக்கு இரண்டு வேளை தருவது. அரை ஆயுள் ஏறத்தாழ 12 மணி நேரம். ஒரு நாள் விட்டால் கால் பங்குதான் மிச்சம். இரண்டு நாள் விட்டால் பதினாறில் ஒரு பங்கு. சனிக்கிழமை தீர்ந்த மருந்து செவ்வாய்க்கிழமை வந்தால், நடுவே அந்த மனிதருக்குக் காப்பு இல்லை. இதே வேலைக்கு முன்பு தந்த வார்ஃபரின், அடிக்கடி இரத்தச் சோதனை கேட்டு உயிரை வாங்கும் மருந்து. ஆனால் அதன் பலன் இறங்கச் சில நாள் ஆகும் என்பதால் ஒரு வேளை மறதியைப் பொறுத்துக்கொள்ளும். புதியது சோதனை கேட்காது, தாமதத்தையும் மன்னிக்காது. அதை எழுதிக் கொடுக்கும்போதே நோயாளியிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் நடுவில் நிற்கிறது. ஒரு நாள் விட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையலாம். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒன்றாகத் தரும் அலெண்ட்ரோனேட்டின் கதையோ விசித்திரமானது. எலும்பிலேயே போய்ப் படிந்துவிடும் அது, முழுதாக வெளியேறப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சில ஆண்டுகள் கொடுத்த பின், பொருத்தமானவர்களுக்கு மருத்துவர்களே அதை நிறுத்தி வைப்பதுண்டு. ஒரு வாரம் தாமதமானால் எலும்பு கவனிக்கவே கவனிக்காது.

அரை ஆயுளை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டாலும் ஏமாந்துவிடுவோம். மருந்து வெளியேறும் நேரம் ஒன்று, மருந்துக்குப் பழகிய உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும் நேரம் இன்னொன்று. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சில மணி நேரத்தில் இரத்தத்தைவிட்டுப் போய்விடும். ஆனால் அதைப் பல வாரம் தொடர்ந்து சாப்பிட்டவரின் அட்ரினல் சுரப்பிகள், வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தம் உற்பத்தியை நிறுத்தியிருக்கும். அவை விழித்துக்கொள்ள வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் மருந்து சட்டென நின்றால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்டவர்கள் கையோடு வைத்துக்கொள்ள 2020-இல் இங்கிலாந்தில் ஓர் அவசர அட்டையே கொண்டுவந்தார்கள். புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பிகளும் அப்படித்தான். அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பிகளை மருந்து மறைத்துவைக்க, உடம்பு ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. மருந்து திடீரென விலகினால் பெருகிய ஏற்பிகள் அத்தனையும் அட்ரினலினுக்குத் திறந்து கிடக்கும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலி பாயும். வலிப்பு மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வகை நீரிழிவுக்காரருக்கு இன்சுலின் நின்றால் கணக்கு மணிகளில்.

இத்தனை விதமான கடிகாரங்களையும் இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரே நாள்காட்டியில் கட்டிவைத்திருக்கிறார்கள்: 28 நாள். மாத்திரை அட்டைகள் நான்கு வாரக் கணக்கில் 28-ஆக வருவது ஒரு காரணம். வீணாவதைக் குறைப்பது இன்னொன்று. நோயாளியின் வீட்டுக்குப் போன மருந்தை, உறை பிரிக்காவிட்டாலும், திரும்ப வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, எரிக்கத்தான் வேண்டும். 28 நாள் என்றால் ஆண்டுக்கு 13 கோரிக்கை. நாலு மருந்து சாப்பிடுபவருக்கு, ஒன்று 28 மாத்திரை அட்டையாகவும் இன்னொன்று 30 ஆகவும் மற்றொன்று 56 ஆகவும் வந்தால், சில மாதத்தில் அவை வெவ்வேறு தேதிகளில் தீரத் தொடங்கும். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை மருந்துக்கடை வாசல்.

பணமும் உண்டு. இங்கிலாந்தில் ஓர் உருப்படிக்கு 2024 மே முதல் 9.90 பவுண்டு கட்டணம். வேல்ஸ் 2007-இலும் வட அயர்லாந்து 2010-இலும் ஸ்காட்லாந்து 2011-இலும் இதை அடியோடு எடுத்துவிட்டன. இங்கிலாந்திலும் முதியோர், குழந்தைகள் என்று பெரும்பாலோருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்குப் பட்டியல் ஒரு வேடிக்கை. நோய்களின் பெயரை 1968-இல் எழுதிவைத்தார்கள். அதன் பிறகு குறிப்பிடத்தக்க மாற்றம், 2009-இல் புற்றுநோயைச் சேர்த்ததுதான். தைராய்டு குறைபாடு பட்டியலில் இருக்கிறது. ஆகவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு, தலைவலி மருந்து உட்பட எல்லாம் இலவசம். ஆஸ்துமா பட்டியலில் இல்லை. ஆண்டுக்கு 13 முறை கட்டினால் ஒரே மருந்துக்கு 128.70 பவுண்டு. முன்கூட்டியே 114.50 கட்டி ஆண்டுச் சான்று எடுத்தால் எத்தனை மருந்தானாலும் அதற்குள் அடங்கும். இது தெரியாமலேயே பலர் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பு இன்ஹேலரைக் கையைக் கடிக்கும் மாதத்தில் வாங்காமல் விடுகிறவரை, ஆஸ்துமாவால் இறந்தவர்களைப் பற்றிய முந்தைய கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

என் அபிப்பிராயம் இது: ஆண்டுக்கணக்கில் மாறாத லெவோதைராக்சினுக்கும் அம்லோடிபினுக்கும் 28 நாள் எல்லை தேவையற்ற கெடுபிடி. குறுகிய சீட்டுகளையும் மூன்று மாதச் சீட்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்றாலும், நீண்ட சீட்டுக்காரர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்ற பக்கமே அவை சாய்கின்றன. மெத்தோட்ரெக்சேட்டுக்கும் நீல இன்ஹேலருக்கும் கண்காணிப்பு வேண்டும். இன்னும் நெருக்கமாகவே வேண்டும். மருத்துவர் ஒருமுறை கையொப்பமிட்டு ஓராண்டு வரைக்குமான தவணைகளை மருந்துக்கடைக்கே ஒப்படைத்துவிடும் ஏற்பாடு இங்கிலாந்தில் ஏற்கெனவே இருக்கிறது. கேட்டால் கிடைக்கும். கேட்பவர்தான் குறைவு.

அங்கே வாழ்பவர்கள் ஒரு வாரம் முன்னதாகக் கேட்டுவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் வாரங்களில் இன்னும் முன்னதாக. அப்படியும் தீர்ந்துவிட்டால், சுகாதாரச் சேவையின் 111 என்ற எண்ணை அழைக்கலாம். அல்லது எந்த மருந்துக்கடையிலும் மருந்தாளுநரை நேரில் பார்க்கலாம். முன்பு எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து, இப்போது உடனடித் தேவை என்று அவர் திருப்தி அடைந்தால், சீட்டு இல்லாமலே 30 நாள் வரை தர 2012-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் அனுமதிக்கின்றன. கட்டுப்படுத்தப்பட்ட சில மருந்துகளுக்கு ஐந்து நாள் மட்டும். மார்ஃபின் போன்றவற்றுக்கு அதுவும் இல்லை.

லண்டனில் பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அந்த விதி, பிரிட்டனிலோ ஐரோப்பிய நாடுகளிலோ உள்ள மருத்துவர் எழுதியதற்குத்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ எழுதிய சீட்டைக் காட்டி அங்கே மாத்திரை வாங்க முடியாது. ஆறு மாதத் தங்கல் என்றால், அதற்கான மருந்தையும் ஒரு மாதம் கூடுதலாகவும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரை, வலுவான வலி மருந்து ஏதும் இருந்தால் எவ்வளவு கொண்டுபோகலாம் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வொரு மருந்தின் வேதிப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம்மூர் அட்டையின் வியாபாரப் பெயர் அங்குள்ளவர்களுக்குப் புரியாது. அங்கே ஒரு ஜி.பி. நிலையத்தில் தற்காலிக நோயாளியாகப் பதிந்துகொள்ள நேர்ந்தால், முதலில் கேட்கப்படும் கேள்விக்கு விடை அந்தத் தாளில்தான் இருக்கும்.